ஒலெக்சி மிகைலிச்சென்கோ: நடுக்களத்திலிருந்து பயிற்சியாளர் இருக்கைக்கு – அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஒலெக்சி மிகைலிச்சென்கோ யார்?

உக்ரைன் தலைநகர் கீவில் 1963 மார்ச் 30 அன்று பிறந்த நடுக்கள ஆட்டக்காரர். டைனமோ கீவ், இத்தாலியின் சாம்ப்டோரியா, ஸ்காட்லாந்தின் ரேஞ்சர்ஸ் ஆகிய மூன்று அணிகளுக்கு ஆடி, மூன்று நாடுகளின் லீக் பட்டங்களையும் வென்ற அணிகளில் இடம்பெற்றவர். 1988 சியோல் ஒலிம்பிக்கில் சோவியத் அணிக்காகத் தங்கம் வென்றவர். ஆடுவதை நிறுத்திய பின் டைனமோ கீவ் அணிக்கு இரண்டு முறையும், உக்ரைனின் 21 வயதுக்குட்பட்டோர் அணிக்கும், தேசிய முதன்மை அணிக்கும் தலைமைப் பயிற்சியாளராக இருந்தார். உக்ரைன் கால்பந்து என்றதும் பிளோகினும் ஷெவ்சென்கோவும் நினைவுக்கு வரும் அளவுக்கு இவர் பெயர் வருவதில்லை. கோல் அடிப்பவர்களுக்குக் கிடைக்கும் புகழ் நடுக்களத்தில் உழைப்பவர்களுக்குக் கிடைக்காதது ஒரு காரணம் என்றால், இவர் பயிற்சியாளராக ஏற்ற பொறுப்புகளின் தன்மை இன்னொரு காரணம்.

பழைய பதிவுகளில் இவர் பெயர் வேறு விதமாக இருப்பது ஏன்?

சோவியத் காலத்தில் உக்ரைனியர்களின் பெயர்கள் ரஷ்ய வடிவத்திலேயே வெளியுலகுக்குச் சென்றன. அதனால் இத்தாலிய, ஸ்காட்லாந்துப் பதிவுகளில் இவர் 'அலெக்சேய்'. உக்ரைனிய மொழியில் 'ஒலெக்சி'. குடும்பப் பெயரின் உயிரெழுத்துகளும் அவ்வாறே சற்று மாறும். எல்லாம் ஒரே மனிதரைத்தான் குறிக்கின்றன.

டைனமோ கீவில் இவருடைய பணி என்னவாக இருந்தது?

இதற்கு விடை சொல்ல முதலில் வலேரி லோபனோவ்ஸ்கியைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். டைனமோவையும் சோவியத் தேசிய அணியையும் வழிநடத்திய அந்தப் பயிற்சியாளர், கால்பந்தைக் கணக்காகப் பார்த்தவர். அனத்தோலி செலென்ட்சோவ் என்னும் அறிவியலாளரைத் துணைக்கு வைத்துக்கொண்டு, ஒவ்வொரு ஆட்டக்காரரும் ஒரு போட்டியில் என்னென்ன செயல்களை எத்தனை முறை செய்தார், எத்தனையில் தவறு செய்தார் என்று எண்ணிப் பதிவு செய்தார். பந்தைப் பறிகொடுத்த கணமே எதிரணியை மொத்தமாக நெருக்குவது, தடுப்பவர் தாக்குவதற்கும் தாக்குபவர் தடுப்பதற்கும் தயாராக இருப்பது, அதற்கேற்ற உடல் வலிமையைக் கடும் பயிற்சியால் ஏற்றுவது என்பவைதான் அவர் அணியின் அடிப்படைகள். எல்லா வேலையும் தெரிந்த ஆட்டக்காரரை 'எல்லாம் வல்லவர்' என்ற பொருளில் அங்கே அழைப்பார்கள்.

மிகைலிச்சென்கோ அப்படிப்பட்டவர். நல்ல உயரம், தலையால் முட்டி அடிக்கும் திறமை, இரண்டு கோல்பரப்புகளுக்கும் இடையே 90 நிமிடம் ஓடும் மூச்சு, பெனால்ட்டி அடிக்கும் நிதானம் ஆகிய எல்லாம் இருந்தும், அணியில் நிலையான இடம் பிடிக்கப் பொறுமையாகக் காத்திருக்க வேண்டியிருந்தது. 1986 மே மாதம் லியோன் நகரில் அத்லெதிகோ மாட்ரிட்டை 3-0 என வீழ்த்தி டைனமோ ஐரோப்பியக் கோப்பை வென்றோர் கோப்பையை (உள்நாட்டுக் கோப்பைகளை வென்ற அணிகளுக்கான போட்டி) கைப்பற்றியபோது, களத்தில் ஒளிவீசியவர்கள் சவாரோவும் பெலானோவும் பிளோகினும்தான். அதற்கடுத்த பருவத்தில்தான் மிகைலிச்சென்கோ முன்வரிசைக்கு வந்தார். 1987 வசந்தத்தில், லீக் பட்டம் வென்ற அணிகள் மோதும் ஐரோப்பியக் கோப்பையின் அரையிறுதியில் போர்ட்டோவிடம் டைனமோ இரு ஆட்டங்களிலும் 2-1 என்ற கணக்கில் தோற்றது. கீவில் நடந்த இரண்டாவது ஆட்டத்தில் டைனமோவின் ஒரே கோலை அடித்தவர் இவர்.

ரேஞ்சர்ஸுக்காக ஆடுவதற்கு முன்பே ரேஞ்சர்ஸுக்கு எதிராக இவர் ஆடியிருக்கிறாரா?

ஆம், அது ஸ்காட்லாந்தில் இன்றும் சிரித்துக்கொண்டே சொல்லப்படும் கதை. 1987 செப்டம்பரில் ஐரோப்பியக் கோப்பையின் முதல் சுற்றில் இரு அணிகளும் மோதின. கீவில் நடந்த முதல் ஆட்டத்தை டைனமோ 1-0 என வென்றது. பெனால்ட்டியில் அந்தக் கோலை அடித்தவர் மிகைலிச்சென்கோ. இரண்டு வாரம் கழித்து கிளாஸ்கோவின் ஐப்ராக்ஸ் மைதானத்தில் மறு ஆட்டம். டைனமோவின் பலமே களத்தின் முழு அகலத்தையும் பயன்படுத்தி இரு ஓரங்களிலும் பாய்வதுதான் என்பதை ரேஞ்சர்ஸ் மேலாளர் கிரேம் சூனெஸ் அறிந்திருந்தார். விருந்தினர் அணி முந்தைய நாள் வழக்கமான அகலத்தில் பயிற்சி செய்துவிட்டுப் போன பிறகு, பக்கக் கோடுகளை உள்ளே தள்ளி மீண்டும் வரைய வைத்தார். விதிகள் அனுமதித்த குறைந்தபட்ச அகலத்துக்குள்தான் அது இருந்தது. ஆகவே குற்றம் சொல்ல வழியில்லை.

மறுநாள் களமிறங்கிய டைனமோ ஆட்டக்காரர்களுக்கு, ஓடிப் பழகிய ஓரம் காணாமல் போயிருந்தது. போதாக்குறைக்கு அவர்களுடைய கோல்காப்பாளர் கையால் எறிந்த பந்து சொந்த அணித் தடுப்பாளர் மீதே பட்டுத் திரும்ப, ரேஞ்சர்ஸ் முதல் கோலை அடித்தது. 2-0 என வென்று ரேஞ்சர்ஸ் அடுத்த சுற்றுக்குப் போனது. நான்கே ஆண்டுகளில் அதே ஐப்ராக்ஸ் மிகைலிச்சென்கோவின் சொந்த மைதானமானது.

1988ஆம் ஆண்டை இவருடைய உச்சம் என்று ஏன் சொல்கிறார்கள்?

ஒரே ஆண்டில் இரண்டு பெரிய போட்டிகளின் இறுதிக்கு இரண்டு வெவ்வேறு சோவியத் அணிகளுடன் சென்றார் என்பதால். ஜூன் மாதம் மேற்கு ஜெர்மனியில் நடந்த ஐரோப்பியச் சாம்பியன்ஷிப்பில் லோபனோவ்ஸ்கியின் சோவியத் அணி நெதர்லாந்தை 1-0 என வென்று, அயர்லாந்துடன் 1-1 எனச் சமன் செய்து, இங்கிலாந்தை ஃபிராங்க்ஃபர்ட்டில் 3-1 எனத் தோற்கடித்தது. அந்த மூன்றில் இரண்டாவது கோல் மிகைலிச்சென்கோ தலையால் முட்டி அடித்தது. அரையிறுதியில் இத்தாலியை 2-0 என வீழ்த்திய ஆட்டத்தில் சோவியத் நடுக்களம் இத்தாலியர்களுக்கு மூச்சு விடவும் இடம் தரவில்லை. லோபனோவ்ஸ்கியின் கொள்கைக்கு இதைவிட நல்ல சான்று கிடையாது என்பது என் கருத்து. மியூனிக் இறுதியில் மீண்டும் நெதர்லாந்து எதிரே வந்தது. குல்லிட் ஒன்று, வான் பாஸ்டன் எவராலும் மறக்க முடியாத கோணத்திலிருந்து ஒன்று, பெலானோவ் தவறவிட்ட பெனால்ட்டி ஒன்று. 2-0 எனத் தோல்வி.

மூன்று மாதம் கழித்து சியோல் ஒலிம்பிக். அங்கே ஆட இவருக்கு வாய்ப்பு கிடைத்ததற்கே ஒரு விசித்திரமான காரணம் உண்டு. உலகக் கோப்பையில் ஆடிய ஐரோப்பிய, தென் அமெரிக்க ஆட்டக்காரர்கள் ஒலிம்பிக்கில் ஆடக்கூடாது என்பது அன்றைய ஃபிஃபா விதி. 1986 மெக்சிகோ உலகக் கோப்பைக்குச் சென்ற சோவியத் அணியில் டைனமோ ஆட்டக்காரர்களே பெரும்பகுதி. அதில் இடம் கிடைக்காத மிகைலிச்சென்கோவுக்கு அந்தப் புறக்கணிப்பே இப்போது நுழைவுச் சீட்டானது. சவாரோவும் பெலானோவும் வீட்டிலிருந்து பார்க்க, அனத்தோலி பைஷோவெட்ஸ் பயிற்சியளித்த ஒலிம்பிக் அணியின் முதுகெலும்பாக இவர் நின்றார். அர்ஜென்டினாவுக்கு எதிராக ஒன்று, அமெரிக்காவுக்கு எதிராக இரண்டு, காலிறுதியில் ஆஸ்திரேலியாவுக்கு எதிராக ஒன்று, அரையிறுதியில் இத்தாலிக்கு எதிராகக் கூடுதல் நேரத்தில் ஒன்று என மொத்தம் 5 கோல்கள் அடித்தார். நடுக்களத்தில் ஆடும் ஒருவருக்கு இது சாதாரண எண்ணிக்கை அல்ல. அக்டோபர் 1 அன்று நடந்த இறுதியில் ரொமாரியோ, பெபெடோ, டஃபரெல் ஆகியோர் அடங்கிய பிரேசில் முதலில் கோல் போட்டது. தோப்ரோவோல்ஸ்கி பெனால்ட்டியில் சமன் செய்ய, கூடுதல் நேரத்தில் சாவிச்செவ் அடித்த கோலால் சோவியத் ஒன்றியம் 2-1 என வென்றது. சோவியத் ஒன்றியம் கால்பந்தில் வென்ற கடைசிப் பெரிய பட்டம் அதுதான்.

ஐரோப்பாவின் சிறந்த ஆட்டக்காரருக்கான அந்த ஆண்டின் தங்கப் பந்து (பலோன் டோர்) விருதில் இவர் எந்த இடம் பெற்றார்?

நான்காம் இடம். முதல் மூன்று இடங்களில் இருந்தவர்கள் வான் பாஸ்டன், குல்லிட், ரைகார்ட். மூவரும் நெதர்லாந்தினர், மூவரும் ஏ.சி. மிலான் அணியினர். அதே ஆண்டில் சோவியத் ஒன்றியத்தின் சிறந்த கால்பந்து வீரராகவும் இவர் தேர்ந்தெடுக்கப்பட்டார்.

உலகக் கோப்பையில் ஆடியிருக்கிறாரா?

இல்லை. 1986இல் வரிசையில் பின்னால் இருந்தார். 1990இல் இத்தாலிக்குச் சென்ற சோவியத் அணிப் பட்டியலிலும் அவர் பெயர் இல்லை. 1994க்குள் அவர் ஆடிய நாடே கலைந்துபோயிருந்தது. தன் தலைமுறையின் சிறந்த நடுக்கள ஆட்டக்காரர்களில் ஒருவர், உலகக் கோப்பையில் ஒரு நிமிடம்கூட ஆடாமலேயே ஓய்வு பெற்றார்.

சாம்ப்டோரியாவில் ஒரே பருவத்தோடு ஏன் நின்றது?

1990 கோடையில், கோர்பச்சேவ் காலத்துத் தளர்வுகளால் சோவியத் ஆட்டக்காரர்கள் மேற்கே செல்லத் தொடங்கியிருந்தபோது, மிகைலிச்சென்கோ ஜெனோவா நகரின் சாம்ப்டோரியாவில் சேர்ந்தார். வுயாதின் போஸ்கோவ் பயிற்சியளித்த அந்த அணியில் வியாலி, மான்சினி, பால்யூக்கா, வியெர்கோவோத் போன்றோர் ஆண்டுக்கணக்கில் சேர்ந்தே ஆடியவர்கள். வெளிநாட்டவர் மூவருக்கு மட்டுமே அனுமதி. மற்ற இருவர் பிரேசிலின் செரேசோ, யூகோஸ்லாவியாவின் கட்டனெச். 1991 மே 19 அன்று லெச்சேயை 3-0 என வென்று சாம்ப்டோரியா தன் வரலாற்றின் முதலாவதும் இன்றுவரை ஒன்றேயானதுமான இத்தாலிய லீக் பட்டத்தைப் பெற்றது.

பட்டத்தில் இவருக்குப் பங்கு உண்டு. ஆனால் அணியின் மையம் இவர் அல்ல. கீவில் அனைவரும் ஒரே தாளத்தில் ஓடிய அமைப்புக்குப் பழகியவருக்கு, இடங்கள் ஏற்கெனவே பங்கிடப்பட்ட ஓர் அணியில் தன் இடத்தைத் தேட வேண்டியிருந்தது. அடுத்த பருவத்துக்கு சாம்ப்டோரியா பிரேசிலின் சிலாஸை வாங்கியது. மூன்று பேர் வரம்பில் ஒருவர் வந்தால் ஒருவர் போக வேண்டும்.

ரேஞ்சர்ஸில் இவருடைய காலம் வெற்றியா, ஏமாற்றமா?

கிளாஸ்கோவில் இந்தக் கேள்விக்கு இரண்டு விடைகளும் கிடைக்கும். 1991இல் வால்டர் ஸ்மித் இவரை வாங்கினார்; முந்தைய ஆண்டே டைனமோவிலிருந்து வந்திருந்த தடுப்பாளர் ஒலெக் குஸ்நெட்சோவ் அங்கே துணையாக இருந்தார். 1991-92 முதல் 1995-96 வரை இவர் இருந்த ஐந்து பருவங்களிலும் ரேஞ்சர்ஸ்தான் லீக் சாம்பியன். முதல் பருவத்தில் நடுக்களத்திலிருந்து வந்து தாராளமாகக் கோல் அடித்தார். பிறகு ஆட்டங்கள் குறைந்தன. ஸ்காட்லாந்து ரசிகர்கள் முட்டி மோதிப் பந்தைப் பறிப்பவரைக் கொண்டாடுபவர்கள். பந்தை அலட்டிக்கொள்ளாமல் கொண்டுசெல்லும் இவருடைய நடை சிலருக்கு அழகாகவும் சிலருக்குச் சோம்பலாகவும் தெரிந்தது. இத்துடன் ஐரோப்பியப் போட்டிகளில் வெளிநாட்டவர் வரம்பு வேறு: ஸ்காட்லாந்து அணியில் ஆடும் இங்கிலாந்துக்காரரும் அந்தக் கணக்கில் வெளிநாட்டவர்தான். உக்ரைனியர் இருவரும் இங்கிலாந்தினர் பலரும் இருந்த அணியில் யாரை உட்கார வைப்பது என்பது மேலாளருக்கு ஒவ்வொரு முறையும் தலைவலி.

இருந்தாலும், 1994ஆம் ஆண்டின் புத்தாண்டு நாளை எந்த ரேஞ்சர்ஸ் ரசிகரும் மறக்க மாட்டார். பரம எதிரியான செல்ட்டிக்கின் மைதானத்தில் முதல் நிமிடத்திலேயே மார்க் ஹேட்லி கோல் அடித்தார். சில நிமிடங்களில் மிகைலிச்சென்கோ இரண்டாவதை அடித்தார். அரை மணி நேரம் ஆவதற்குள் மூன்றாவதையும் அவரே அடித்தார். முடிவு 4-2, நான்காவது கோல் குஸ்நெட்சோவ் அடித்தது. கிளாஸ்கோவின் பெருமோதலில் ஒரே நாளில் மூன்று கோல்கள் கீவிலிருந்து வந்த இருவரின் கணக்கில் சேர்ந்தன.

சுதந்திர உக்ரைனுக்காக இரண்டே ஆட்டங்கள் ஆடியது ஏன்?

ஒன்றியம் 1991 இறுதியில் கலைந்தபோது, 1992 ஐரோப்பியச் சாம்பியன்ஷிப்புக்கு சோவியத் அணி ஏற்கெனவே தகுதி பெற்றிருந்தது. அந்த இடத்தில் சுதந்திர நாடுகளின் காமன்வெல்த் என்ற பெயரில் ஒரு தற்காலிக அணி ஸ்வீடனுக்குச் சென்றது. அதன் அணித்தலைவர் மிகைலிச்சென்கோ. ஜெர்மனியுடன் 1-1, நெதர்லாந்துடன் 0-0 எனத் தாக்குப்பிடித்த அந்த அணி, கடைசி ஆட்டத்தில் ஸ்காட்லாந்திடம் 3-0 எனச் சரிந்தது. எதிரே நின்றவர்களில் பலர் அவருடன் ஐப்ராக்ஸில் உடைமாற்றும் அறையைப் பகிர்ந்துகொண்டவர்கள். அந்த அணி அத்தோடு இல்லாமல் போனது.

அதே காலத்தில் உக்ரைன் தன் முதல் சர்வதேச ஆட்டத்தை 1992 ஏப்ரலில் உஷ்ஹொரொத் நகரில் ஹங்கேரிக்கு எதிராக ஆடித் தோற்றிருந்தது. ஆனால் 1994 உலகக் கோப்பைத் தகுதிச் சுற்றில் உக்ரைனுக்கு இடமில்லை. சோவியத் ஒன்றியத்தின் இடம் ரஷ்யாவுக்குப் போனது. உக்ரைனிய ஆட்டக்காரர்கள் சிலர் ரஷ்யாவுக்காக ஆட முடிவு செய்தார்கள். மிகைலிச்சென்கோ அப்படிச் செய்யவில்லை. உக்ரைன் முறையான போட்டிகளில் இறங்கியபோது அவருக்கு வயது முப்பதைத் தாண்டியிருந்தது.

பயிற்சியாளரானது எப்படி?

வளைகுடா நாடுகளில் சில ஆண்டுகள் பணியாற்றிய லோபனோவ்ஸ்கி 1997 தொடக்கத்தில் டைனமோவுக்குத் திரும்பினார். அப்போது தன் பழைய ஆட்டக்காரரை உதவிப் பயிற்சியாளராகச் சேர்த்துக்கொண்டார். பார்சிலோனாவை அதன் சொந்த மண்ணில் 4-0 என வீழ்த்தியதும், 1999இல் ரியல் மாட்ரிட்டை வெளியேற்றிச் சாம்பியன்ஸ் லீக் அரையிறுதியை எட்டியதும் அந்தக் காலத்தில்தான். 2002 மே 7 அன்று சபோரிஷ்ஷியாவில் நடந்த ஆட்டத்தின்போது லோபனோவ்ஸ்கி உடல்நலம் குன்றினார். 13ஆம் தேதி காலமானார். அணி மிகைலிச்சென்கோவின் கைக்கு வந்தது.

முதல் முறை டைனமோவில் என்ன சாதித்தார், ஏன் நீக்கப்பட்டார்?

அவர் பெற்றுக்கொண்டது செழிப்பான சொத்து அல்ல. தொடர்ந்து ஒன்பது முறை பட்டம் வென்ற டைனமோவை 2002இல் ஷக்தார் டொனெட்ஸ்க் முதன்முறையாக முந்தியிருந்தது. முன்கள ஆட்டக்காரர்களான ஷெவ்சென்கோவும் ரெப்ரோவும் வெளிநாடு போய் இரண்டு மூன்று ஆண்டுகள் ஆகியிருந்தன. அந்த நிலையில் 2003, 2004 ஆகிய இரு லீக் பட்டங்களையும், 2003இல் ஷக்தாரை வென்று உக்ரைன் கோப்பையையும் மீட்டார். சாம்பியன்ஸ் லீக்கில் 2003 அக்டோபரில் ஆர்சனலை 2-1 என வென்றார்கள். அந்தப் பருவம் முழுவதும் இங்கிலாந்து லீக்கில் தோல்வியே காணாத ஆர்சனல் அது. ஆனால் அந்தப் பிரிவில் முதல் இடத்துக்கும் கடைசி இடத்துக்கும் இடையே மூன்றே புள்ளிகள் வித்தியாசம், கடைசி இடம் டைனமோவுக்கு.

2004 ஆகஸ்டில், சாம்பியன்ஸ் லீக் தகுதிச் சுற்றின் முதல் ஆட்டத்தில் துருக்கியின் திரப்சோன்ஸ்போரிடம் கீவிலேயே 2-1 எனத் தோற்றதும் பதவி போனது. யோசெஃப் சாபோ பொறுப்பேற்று மறு ஆட்டத்தை 2-0 என வென்றுவிட்டதால், நீக்கியது சரிதான் என்ற தோற்றம் உண்டாயிற்று. ஆனால் அடுத்த இரண்டு ஆண்டுகளும் லீக் பட்டம் ஷக்தாருக்கே போனது என்பதையும் சேர்த்துப் பார்த்தால்தான் கணக்கு நேராகும். இரண்டு பட்டங்கள் வென்ற ஒருவரை ஒரு தோல்விக்காக அனுப்பியது அவசர முடிவு என்றே எனக்குத் தோன்றுகிறது. லோபனோவ்ஸ்கி அமர்ந்த இருக்கையில் அவருக்குப்பின் யார் அமர்ந்தாலும் அளவுகோல் லோபனோவ்ஸ்கிதான்.

இளையோர் அணியுடன் கிடைத்த வெள்ளி எப்படிப்பட்டது?

பயிற்சியாளராக அவருடைய மிகச் சிறந்த பணி இதுவே என்பேன். 2006இல் போர்த்துகலில் நடந்த 21 வயதுக்குட்பட்டோர் ஐரோப்பியச் சாம்பியன்ஷிப்பில் உக்ரைன் நெதர்லாந்தையும் டென்மார்க்கையும் வென்று பிரிவைக் கடந்தது. அரையிறுதியில் செர்பியா-மாண்டினீக்ரோவுடன் கோலின்றி முடிந்த ஆட்டத்தைப் பெனால்ட்டிகளில் வென்றது. இறுதியில் ஹுன்டெலார் இருந்த நெதர்லாந்து 3-0 எனப் பழிதீர்த்துக்கொண்டது. அந்த அணியிலிருந்து மிலெவ்ஸ்கி, சிக்ரின்ஸ்கி, கோல்காப்பாளர் பியாடோவ் ஆகியோர் அப்படியே ஜெர்மனிக்குச் சென்று, பிளோகின் பயிற்சியளித்து, காலிறுதி வரை முன்னேறிய உலகக் கோப்பை அணியில் சேர்ந்தார்கள்.

தேசிய முதன்மை அணியுடன் 2010 உலகக் கோப்பையைத் தவறவிட்டது எவ்வாறு?

பிளோகின் விலகியதும் 2008 தொடக்கத்தில் பொறுப்பு இவரிடம் வந்தது. தகுதிச் சுற்றில் இங்கிலாந்தும் குரோஷியாவும் அதே பிரிவில். 2009 அக்டோபர் 10 அன்று இன்றைய நிப்ரோ நகரில் இங்கிலாந்துடன் மோதியபோது, 14ஆம் நிமிடத்தில் மிலெவ்ஸ்கியை வீழ்த்திய ராபர்ட் கிரீன் சிவப்பு அட்டை பெற்றார்; இங்கிலாந்தின் கோல்காப்பாளர் ஒருவர் வெளியேற்றப்பட்டது அதுவே முதல் முறை. ஷெவ்சென்கோ அடித்த பெனால்ட்டி கம்பத்தில் பட்டுத் திரும்பியது. அரங்கம் தலையில் கைவைத்து நின்ற அந்தக் கால் மணி நேரத்துக்குப் பின் நாசரென்கோவின் அடி ஆஷ்லி கோல் மேல் உரசி வலைக்குள் போனது. 1-0. நான்கு நாள் கழித்து அன்டோராவை 6-0 என வென்று, குரோஷியாவை ஒரே புள்ளியில் முந்தி இரண்டாமிடம் பிடித்தார்கள்.

மிச்சம் இருந்தது கிரீஸுடன் இரண்டு ஆட்டங்கள். ஏதென்ஸில் 0-0 என்றதும் பாதிக் கிணறு தாண்டியதாகவே எல்லோரும் நினைத்தார்கள். டொனெட்ஸ்கில் 31ஆம் நிமிடத்தில் சல்பிங்கிடிஸ் தனித்து ஓடி அடித்த ஒரே கோல் எல்லாவற்றையும் முடித்தது. மீதி ஒரு மணி நேரம் உக்ரைன் முட்டிப் பார்த்தும் கிரேக்கச் சுவர் அசையவில்லை. மிகைலிச்சென்கோவின் ஒப்பந்தம் நீட்டிக்கப்படவில்லை. மிரோன் மார்கெவிச் வந்தார்.

டைனமோவுக்கு மீண்டும் எப்போது திரும்பினார்?

இடைப்பட்ட காலத்தில் அணியின் நிர்வாகத்தில் விளையாட்டு இயக்குநராக இருந்தவர், 2019 ஆகஸ்டில், பெல்ஜியத்தின் கிளப் புரூஜிடம் தோற்றுச் சாம்பியன்ஸ் லீக் வாய்ப்பு போன பிறகு, பயிற்சியாளர் ஹட்ஸ்கேவிச்சுக்குப் பதிலாக அழைக்கப்பட்டார். மூன்றாவது முறையாக, வேறொருவர் விட்ட இடத்தில் பருவம் தொடங்கிய பின் அமர்ந்தார். யூரோப்பா லீக்கில் கோபன்ஹேகன், மால்மோ ஆகியவற்றுக்குப் பின்னால் மூன்றாமிடத்தோடு வெளியேற்றம்; லீக்கில் ஷக்தாருக்கு வெகுதூரம் பின்னால் இரண்டாமிடம். தொற்றுநோயால் தள்ளிப்போன உக்ரைன் கோப்பை இறுதி 2020 ஜூலை 8 அன்று கார்கிவில் நடந்தது. வோர்ஸ்க்லாவுடன் 1-1, பெனால்ட்டிகளில் 8-7 என டைனமோ கோப்பையைத் தூக்கியது. அதே மாதத்தில் அவர் பதவி விலக, இடத்துக்கு வந்தவர் மிர்ச்சா லுசெஸ்கு, பன்னிரண்டு ஆண்டுகள் ஷக்தாரை வழிநடத்தி டைனமோவின் ஆதிக்கத்தை உடைத்த அதே ருமேனியர்.